சதீஷின் இடது கை

“அந்த இடது கையை வெட்டிப் போட்டுட்டு வா, அப்புறம் பேசலாம்.”

தியாகராசன் சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பேராவூரணிக் கடைத்தெருவில், உரக்கடைக்கு மேலிருந்த ஒத்திகை அறை அது. இரைச்சல் மைக்கில் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள். இன்னிசைக் குழுவின் தலைவரும் முதன்மைப் பாடகருமான அவர், முத்துப்பேட்டைக் கச்சேரியின் வீடியோவைத் தம் கைப்பேசியில் ஐந்தாம் முறையாக ஓடவிட்டார்.

பதிவில் அவருடைய குரல் மேல் ‘ஸா’வில் ஏறி நின்றது. மூன்று நொடிகள்தாம். பிறகு குரலும் கீபோர்டும் ஒட்டியபடியே மெல்லக் கீழே சரிந்தன. புல்லாங்குழல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, தனியாகக் கீச்சிட்டது.

“கேட்டியா? கேட்டியாடா?”

“கேட்டேண்ணே,” என்றான் சதீஷ். குழுவில் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்து அவனுக்கு ஓராண்டு ஆகிறது.

“மயிலாடுதுறைக்காரன் இதைப் பார்த்துட்டுப் போன் போடுறான். ‘உங்க குழுவுல சுருதி நிக்கலையாமே, வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கு வேற ஆளைப் பார்த்துக்கவா?’ங்கிறான். முப்பத்திரண்டு வருஷம் மேடையில நின்னவனைப் பார்த்துக் கேக்குற கேள்வியா இது?”

தியாகராசன் கீபோர்டின் பட்டன்களை விரலால் சுட்டினார்.

“அந்த வழுக்குற பட்டனைப் போட்டுத் தொலைச்சியா?”

“போர்ட்டமென்டோவாண்ணே? அது ஆஃப்லதான் இருக்கு. அதைப் போட்டா ஒரு கட்டையிலேர்ந்து இன்னொரு கட்டைக்குப் போகும்போதுதான் வழுக்கும். ஒரே கட்டையை அமுக்கிக்கிட்டு நின்னா அது ஒண்ணும் செய்யாது.”

“அப்போ நின்ன சுரம் எப்படிடா இறங்குச்சு?”

“இடது ஓரத்துல இருக்குற சக்கரத்தாலண்ணே. கீழ் பக்கம் சுத்துனா சுரம் இறங்கும். விட்டா நடுவுக்கு வந்துரும்.”

“தானா சுத்துமா அது?”

“சுத்தாது.”

“யாரு சுத்துனது?”

“நான்தாண்ணே.”

இவ்வளவு நேராக ஒப்புக்கொள்வான் என்று தியாகராசன் எதிர்பார்க்கவில்லை. மறுத்திருந்தால் கோபம் சற்றுக் குறைந்திருக்கக்கூடும்.

“ஏன்?”

சதீஷ் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் சொல்றேன் ஏன்னு. போன மாசம் நாயனம் மாதிரி வாசிச்சுக் கைதட்டு வாங்குனே பாரு, அன்னைக்குப் பிடிச்சது இந்தக் கொழுப்பு. குழைய வேண்டிய இடம் வேற, நிக்க வேண்டிய இடம் வேற. அது தெரியாதவனுக்கு எதுக்குடா சக்கரம்? பாடுறவன் கீபோர்டை நம்பித்தான் நிக்கிறான். நீ பள்ளத்துல இறங்குனா நானும் பின்னாலேயே விழணும். விழுந்தேன். ஊரே பார்த்துச்சு.” புல்லாங்குழல்காரர் பக்கம் திரும்பினார். “காதரு, நீ மட்டும் எப்படிப்பா தப்பிச்சே?”

“என் குழல்ல துளைதாண்ணே இருக்கு. சக்கரம் இல்லையே,” என்றார் காதர் மைதீன், துடைத்த குழலையே மறுபடியும் துடைத்தபடி.

“விடுங்கப்பா,” என்றாள் வானதி. தியாகராசனின் மகள், குழுவின் பாடகியும் அவளே. “வெள்ளிக்கிழமை முடியட்டும், பேசிக்கலாம்.”

“நீ அவனுக்கு வக்காலத்து வாங்காதே. டேய் சதீஷ், கீபோர்டு குழுவோடது. அதை வெச்சுட்டு உன் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. இன்னியோட நீ வேண்டாம்.”

“அண்ணே, வெள்ளிக்கிழமை மட்டும் வாசிச்சுடறேன். அதுக்கப்புறம் நீங்க கூப்பிடவே வேண்டாம்.” அவன் குரலில் முதன்முறையாகக் கெஞ்சல் இருந்தது.

“மயிலாடுதுறையிலயும் என் மானம் போகணும், அதானே? போடா!”

சதீஷ் பையைத் தோளில் மாட்டினான்.

“ஒழுங்கா நிக்கிற சுருதியில நான் எப்படிப் பாடுறேன்னு காதுல வாங்கிக்கிட்டே போ!”

தியாகராசன் கீபோர்டை ஆர்கன் ஒலிக்கு மாற்றினார். திருவிழா நோட்டீஸ் ஒன்றை நான்காக மடித்தார். மேல் ‘ஸா’க் கட்டையை அழுத்தி, அது எழும்பாதபடி காகிதத்தை இடுக்கில் செருகினார். ஒலி அசையாமல் நீண்டது. பிறகு மைக்கின் முன்னால் போய் நின்று, கண்களை மூடி, மூச்சை இழுத்துப் பாடினார்.

குரல் மிகச் சரியாகப் போய் ஒட்டியது. ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று. நான்காவது நொடியில் குரலுக்கும் கீபோர்டுக்கும் இடையே ஓர் அதிர்வு தோன்றியது. அது விரிசலாகி, விரிசல் அகன்றது. கீபோர்டு மேலே ஏறிக்கொண்டிருப்பதை அவர் காது ஐயமின்றிக் கேட்டது.

“டேய்! இப்போ மேல ஏத்துறியா? நான் கண்ணை மூடுனதும் வந்து கை வெச்சுட்டியா? எடுடா கையை!”

கத்தியபடியே கண்களைத் திறந்தார். கீபோர்டின் முன்னால் எவரும் இல்லை. சக்கரம் நடுவில் நின்றது. சதீஷ் அறைக்கு வெளியே, மாடிப்படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான்.

“கீபோர்டு ஏறலைப்பா,” என்றாள் வானதி. “இந்த ஒரு வருஷமா, நீங்க இறங்குற இடத்துக்கெல்லாம் அவருதான் கூடவே இறங்கி வந்துக்கிட்டிருந்தாரு.”