தங்கப்பல்லுக்குப் பொன்னுருக்கல்

தாம்பாளத்தில் பவுண் காசு இருக்க வேண்டிய இடத்தில் சயனின் பற்கள் இருந்தன.

மேடையில் பாடும்போது மேல்வரிசைப் பற்களின் மேல் மாட்டிக் கழற்றுகிற ஆறு தங்கப்பற்கள். குளியலறைக் குவளையில் கிடந்தவற்றைக் கழுவித் துடைத்து, வெற்றிலை மேல் வைத்து ஏந்தி வந்தவர் அவனைப் பெற்ற சந்திரமதியேதான்.

"பெடியனுக்கு இனி மேடையும் வேண்டாம், பல்லும் வேண்டாம் எண்டு சம்மந்தி சொல்லிட்டார். சும்மா கிடந்து என்ன செய்யிறது? தாலிக்கு இதையே உருக்குங்கோ."

சுவிஸின் எம்மன்புரூக்கேயில், அந்த அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் இருபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரத்தில், எல்லோரும் பார்க்க உருக்க வேண்டும். புகை அறியும் கருவிக்கு ஏற்கனவே ஒரு பொலித்தீன் பை கட்டியாகிவிட்டது. கீழ்வீட்டுச் சுவிஸ்காரருக்குக் கடிதமும் போட்டாகிவிட்டது.

பெண்ணின் தகப்பன் இராஜசிங்கத்துக்கு அந்த யோசனை நன்றாகவே பிடித்தது.

"பாட்டு எனக்கு விளங்கேல்லை. பல்லு தங்கம் எண்டபடியால், பெடியன் உழைச்சதை வீணாக்கேல்லை எண்டு மட்டும் விளங்குது."

சயனுக்கு மட்டும் வியர்த்தது.

அவை பித்தளை. 2009இல், பதினாறு வயதில், முப்பத்தைந்து பிராங்குக்கு இணையத்தில் வாங்கியது. உலகத்தில் அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம்.

அமெரிக்காவின் தென்மாநிலத்து ராப் என்றால் அவனுக்கு உயிர். அங்கே சொற்களை இழுத்து, சர்க்கரைப் பாணி போல ஒழுகவிட்டுப் பாடுவார்கள். வாய் நிறையத் தங்கப்பல் மாட்டுவார்கள். சயனும் மாட்டினான். சொற்கள்தான் இழுபட மறுத்தன. முதல் நான்கு வருடங்கள் அவனுடைய பாட்டு, ரயிலைத் தவறவிடப் போகிறவன் யாருக்கோ விலாசம் சொல்வது போலிருந்தது.

அவன் பார்த்த மிகத் தூரத்துத் தெற்கு, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போன, சுவிஸின் தெற்கிலுள்ள லுகானோ.

பிறகு 2013 மாரிக்குளிர் வந்தது. ஒருநாள் பல்லை மாட்டியதும் நாக்கு கனத்தது. சொற்கள் ஒவ்வொன்றாக எழும்பி, சோம்பல் முறித்து, ஆறுதலாக வெளியே நடந்து வந்தன. 'தெற்கின் ஆன்மா இறங்கிய குரல்' என்று லோசானிலிருந்து ஒரு விமர்சகர் எழுதினார். வானொலியில் பேட்டி கண்டார்கள். பொலிஸ் துரத்தத் துரத்தத் தான் தப்பி ஓடுவதாகச் சயன் பாடிய பாட்டை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். பகலில் அவன் காப்புறுதி அலுவலகத்தில் இருந்தான். பஸ்ஸில் ஒருநாள்கூட டிக்கெட் எடுக்காமல் ஏறியதில்லை.

பல் முன்னைவிடப் பாரமாகத்தான் இருந்தது. அதைப் புகழின் பாரம் என்று எடுத்துக்கொண்டான். குவளைத் தண்ணீரில் பச்சை இறங்குவதுகூட அதோடு நின்றுவிட்டது. பெயர் வந்தால் பித்தளையும் மினுங்கும் போல.

சந்திரமதிக்குத்தான் அந்த மாரி சரியில்லை. வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் கையிலிருந்த இரண்டு பொன் காப்பையும் தொலைத்துவிட்டு வந்து, அந்தக் கோபத்தில் மகனுடைய பாட்டையும் சேர்த்துத் திட்டினார்.

இப்போது 2019. கோபிஷாவைக் கட்டித் தரச் சொல்லி இராஜசிங்கத்திடம் பதினான்கு மாதம் கெஞ்சியாகிவிட்டது. ஷாஃப்ஹவுசனிலிருந்து அவர் உறவுகளோடு வந்து முன்வரிசையில் இருக்கிறார். பித்தளையில் தாலி செய்யப் பார்த்தவனுக்கு அவர் மகளைக் கொடுக்கப் போவதில்லை.

"அம்மா, பவுண் காசையே உருக்குவமே," என்றான் சயன்.

"ஏன்ரா? பாட்டிலை தங்கம் தங்கமெண்டு கத்தேக்கை இந்த வெக்கம் எங்கை போனது?"

அறை சிரித்தது. எச்சில் பட்ட பொன் தாலிக்கு ஆகுமோ என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சயன் அந்தக் குரலை நன்றியோடு தேடினான்.

"நெருப்பிலை எச்சில் நிக்காது," என்று முடித்துவைத்தார் நகை செய்யும் கனகரத்தினம் பத்தர்.

அவர் பற்களை எடுத்து உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். சயனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவற்றைப் பொன் உருக்கும் மூசைக் கிண்ணத்தில் போட்டு, காஸ் சுவாலையைப் பற்றவைத்தார்.

பித்தளை எரிந்தால் பச்சைச் சுவாலை வரும், வெள்ளைப் புகை வரும் என்று சயன் எங்கோ வாசித்திருந்தான். கோபிஷாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தான்.

பச்சை வரவில்லை.

ஆறு பற்களும் மெல்லச் சரிந்தன. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கடைசியில் சிவந்த ஒரே துளியாகி மூசையின் அடியில் ததும்பின.

"அசல் பொன்," என்றார் பத்தர், எல்லோருக்கும் கேட்க.

இராஜசிங்கம் எழுந்து வந்து சயனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல்முறையாக "மருமோன்" என்றார்.

சயன் மூசைக்குள் எட்டிப் பார்த்தான். பத்தர் மூசையைச் சரிப்பது போல அவன் பக்கம் குனிந்தார்.

"இந்தப் பொன்னை நான் ரெண்டாந்தரம் உருக்கிறன், தம்பி. பித்தளை வாய்க்குக் கூடாதெண்டு உங்கடை அம்மாதான் முதல்தரம் கொண்டுவந்து, அதே அச்சிலை பல்லாக்குவிச்சவ."

அறையின் மறுபக்கத்தில் சந்திரமதி பெண்வீட்டாருக்குப் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக அந்தக் கையில் கிலுங்குவது கண்ணாடிக் காப்புத்தான்.

"அம்மா" என்று கூப்பிட்டான்.

வாயில் பாரமில்லை. அந்தச் சொல் இழுபடவில்லை. ரயிலைத் தவறவிடப் போகிறவனுடையது போல, அவசரமாக வெளியே விழுந்தது.