தீயணைப்பானுக்கு வைத்த பொட்டு

தன் கையேட்டை நாம் முழுதாகப் படிப்பதைத் தன் கேமராக் கண்ணால் பார்த்த பிறகே எந்தக் கருவியும் வேலை செய்யும் என்று சட்டம் வந்தது. நுகர்வோருக்கு அதைவிடப் பாதுகாப்பு ஏது?

அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டதும் தணிகைவேல் தீயணைப்பானைத் தூக்கினார். அதன் திரையில் ஓடிய கையேட்டை இருமிக்கொண்டே உரக்கப் படித்தார்.

"நீங்கள் படிப்பது தெரியவில்லை. முதலிலிருந்து படியுங்கள்" என்றது தீயணைப்பான்.

"சுடர்க்கொடி! நீ எழுதுன கையேடுதானே, வந்து என்னன்னு கேளு!"

மனைவி ஓடிவந்தாள். எளிய தமிழுக்காக அந்தக் கையேட்டுக்கு விருது வாங்கியவள். தீயணைப்பானின் கண்ணை மறைத்துக்கொண்டு ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

"யாருங்க கண்ணுமேல பொட்டு வெச்சது?"

"நீதான் வெச்ச!"

முந்தானையால் துடைத்தாள்.

"நன்றி. இனி முன்னுரையிலிருந்து நிதானமாகப் படிக்கலாம்."

சுடர்க்கொடி அடுப்பை அணைத்துவிட்டு, பெரிய மூடியை எடுத்து வாணலியின் மேல் கவிழ்த்தாள். தீ அடங்கியது. தணிகைவேலுக்குப் பாதி மீசை மிஞ்சியது.

நல்லவேளையாக, மூடிக்கு இன்னும் கையேடு வரவில்லை. அதை எழுதும் வேலையை அன்று காலைதான் சுடர்க்கொடியிடம் கொடுத்திருந்தார்கள்.