எச்சரிக்கை அளவு இரண்டு

கப்பலின் அடியில் பாசி சுரண்டுவது அவன் தொழில். முங்கி மேலேறும்போது எவ்வளவு நேரம் நின்று வர வேண்டும் என்று சொல்லும் மணிக்கட்டுக் கருவிக்கு ஆழமும் நேரமும்தான் தெரியும். கட்டியிருப்பவனுக்கு ஐம்பது வயது, தொப்பை வேறு, ராத்திரி தூக்கமில்லை என்பதெல்லாம் அதற்கு எங்கே தெரியும்? எச்சரிக்கை அளவைப் பூஜ்யத்திலிருந்து இரண்டு வரை நாம்தான் ஏற்றிவைக்க வேண்டும்; ஏற்ற ஏற்ற அதிக நேரம் நிற்கச் சொல்லும்.

"ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருந்தீங்க. இன்னைக்கு ரெண்டுல வைங்க," என்றாள் மனைவி.

"உங்கண்ணன் மாதிரியே பேசாதே."

கூடவே முங்கிய காலத்தில் மச்சான் அப்படித்தான். இவன் பூஜ்யத்தில் வைத்தால் பிடுங்கி இரண்டாக்குவான். மேலேறும் வழியில் நின்று நின்று வராவிட்டால் கைகால் முடங்கிவிடும். இவனுக்கோ பொறுமை கிடையாது. அதனால் மச்சான் கீழிருந்து கணுக்காலைப் பிடித்துக்கொள்வான். போன வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

இன்றும் படகிலேயே பூஜ்யம் வைத்துவிட்டுத்தான் குதித்தான். தண்ணீருக்குள் போனபின் அதை மாற்றவே முடியாது. வேலை முடிந்து ஏறும்போது கருவி இரண்டு என்று காட்டியது. இன்னும் ஏழு நிமிடம் நிற்கச் சொன்னது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கயிற்றைப் பிடித்தபடி, தான் சுரண்டிப் பளபளப்பாக்கிய கப்பலின் அடிவயிற்றை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு தொங்கினான்.

ஏழு நிமிடமும் தீர்ந்த பிறகுதான் கணுக்காலிலிருந்த பிடி விட்டது.