இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய கோல்டிங்

"எங்களை இந்தமுறை இரண்டாம் பிரிவில போடுங்கோ," என்றார் ஜெபநேசன்.

இக்காஸ்ட் நகரில் கூடியிருந்த கமிட்டிக்காரர்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

டென்மார்க் தமிழ்க் கழகங்களின் கோடைகால உதைபந்தாட்டத்துக்கு எட்டு அணிகள். ஒரு பந்து உருள முதலே கமிட்டி கூடித் தரவரிசை போட்டுவிடும். மேலே நிற்கிற நாலு அணியும் முதல் பிரிவு. மிச்சம் நாலும் இரண்டாம் பிரிவு. முதல் பிரிவில் வெல்கிறவர்களுக்குப் பாரிஸ் போட்டிக்கு அழைப்பு வரும். இரண்டாம் பிரிவுக்கு ஒரு சின்னக் கப்போடு சரி.

இந்த வருசத் தரவரிசை இரண்டு கிழமைக்கு முன்னமே வந்துவிட்டது; முதலிடம் கோல்டிங் கழகத்துக்கு. அதன் பயிற்சியாளர்தான் இப்படிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஏன், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போக வேணுமோ?" என்றார் கமிட்டித் தலைவர் பீற்றர். ஜெபநேசன் பெந்தகோஸ்து சபைக்காரர். முதல் பிரிவு ஆட்டங்கள் ஞாயிறு, இரண்டாம் பிரிவு சனி.

"இல்லை அண்ணை. இவ்வளவு காலமும் ஆராதனை முடிச்சு வந்துதானே விளையாடினனாங்கள்."

"அப்ப?"

"பெடியள் இந்தமுறை அவ்வளவு தயாரில்லை."

"பயம் எண்டு நேராச் சொல்லுமன். சின்னப் பிரிவில லேசாக் கப் தூக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெபநேசனும் சேர்ந்து சிரித்தார்.

"அப்பிடியே வச்சுக்கொள்ளுங்கோவன்."

கோல்டிங் இறங்கினால் ஐந்தாம் இடத்து அணி மேலே ஏறும். ஐந்தாம் இடம் இக்காஸ்ட், பீற்றரின் சொந்தக் கழகம். அவருடைய மகன் றொனிஷன்தான் கோல் காக்கும் கோலி. பீற்றர் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போனார்.

"மேரிகிறேஸ், நாங்கள் முதல் பிரிவு. ஞாயிற்றுக்கிழமைதான் மேட்ச்."

மனைவி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப சனிக்கிழமை மாதா திருவிழாவுக்கு றொனிஷனைக் கூட்டிக்கொண்டு போகலாம், என்னப்பா?"

போன மாரியில் பனியில் சறுக்கிய கார் மோதி றொனிஷன் கால் முறிந்து கிடந்தான். "இவன் எழும்பி நடந்தால் வாற திருவிழாவுக்கே கூட்டிக்கொண்டு வாறன் தாயே" என்று ஆஸ்பத்திரியில் அழுது நேர்ந்தது பீற்றர்தான். இக்காஸ்ட் இரண்டாம் பிரிவில் விழுந்து திருவிழாவும் மேட்சும் ஒரே சனிக்கிழமையில் வந்தபோது, "கோலி இல்லாமல் என்னெண்டு விளையாடுறது? மாதா கோவிக்கமாட்டா, அடுத்த வருசம் பாப்பம்" என்று தள்ளிப்போட்டதும் அவர்தான்.

"எல்லாம் மாதாவின்ர செயல்," என்றார் இப்போது. "மாதாவைக் கும்பிடக்கூடாதெண்டு அந்த ஜெபநேசன் என்னோட எத்தினை தரம் வாதாடினவன். இப்ப பாத்தியே, பயந்து ஓடுறான்."

சனிக்கிழமை தாயும் மகனும் திருவிழாவுக்குப் போனார்கள். பீற்றர் மைதானத்தில் மைக்கைப் பிடித்தார். அறிவிப்பாளர் வேலை என்றால் அவருக்குச் சாப்பாடு தண்ணீர் வேண்டாம்.

"பாரிஸ் போகப் பயந்து சின்னக் கப்புக்கு வந்த பெரிய அணி இப்ப பந்தைக் கொண்டு வருகுது. வழி விடுங்கோ, பாவங்கள்."

சனம் சிரித்தது. கோல்டிங் பெடியள் ஒரு சொல் திருப்பிச் சொல்லாமல் விளையாடினார்கள்.

இறுதியாட்டத்துக்கு முன் சிற்றுண்டிக் கடைக்கு றோல்ஸ் வாங்கப் போனார் பீற்றர். கடையில் நின்றது ஜெபநேசனின் மனைவி.

"அண்ணை, றொனிஷன் திருவிழாவுக்கு வெளிக்கிட்டிட்டானோ?"

"ஓம். உமக்கெப்பிடி அது தெரியும்?"

"நேர்த்தி பிழைக்கப்போகுதெண்டு மேரிகிறேஸ் அக்கா போனில ஒரே அழுகை. நான் இவரிட்டச் சொன்னன். இவர் கொஞ்ச நாள் யோசிச்சுக்கொண்டு திரிஞ்சார். பிறகு, 'நாங்கள் இறங்கினா இக்காஸ்ட்தானே ஏறும்' எண்டார்." அவள் அவருடைய முகத்தைப் பார்த்துத் தடுமாறினாள். "உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்."

நீட்டிய காசைப் பீற்றர் பின்னுக்கு இழுத்தார். நேர்ந்தவரே தள்ளிப்போட்ட நேர்த்தி. மாதாவைக் கும்பிடாத ஒருவர் பாரிஸை விட்டுக்கொடுத்து அதை நிறைவேற்றி வைத்திருக்கிறார். அந்த மனிதரைத்தான் பீற்றர் காலையிலிருந்து ஊர் கேட்க மைக்கில் கிழித்திருக்கிறார். றோல்ஸை வாங்காமலே திரும்பினார்.

இறுதியாட்டத்தில் கோல்டிங் வென்றது. அந்த ஆட்டம் முழுக்க மைக் ஊமையாகக் கிடந்தது. சின்னக் கப்பைக் கொடுக்கும்போது பீற்றரால் ஜெபநேசனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஏன் என்னட்ட ஒரு சொல் சொல்லேல்லை?"

ஜெபநேசனுக்கு விளங்கிவிட்டது. மனைவி நின்ற பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"சொன்னா நீங்கள் விட்டிருக்கமாட்டீங்கள். தலைவர் தன்ர வீட்டுக்காக மாத்தினவர் எண்டு உங்களுக்குத்தான் பேர் கெட்டிருக்கும்."

"பெடியள் பாரிஸைக் கேக்கேல்லையோ?"

"கேட்டவங்கள். விசயத்தைச் சொன்னன். ஓம் எண்டிட்டாங்கள்."

தான் சொன்ன அத்தனை பகிடியையும் அந்தப் பிள்ளைகள் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார்கள். பீற்றர் மைக்கைத் தூக்கினார்.

"எல்லாருக்கும் ஒரு விசயம் சொல்ல வேணும். காலமையில இருந்து நான்..."

ஜெபநேசன் மைக்கைக் கையால் பொத்தினார்.

"வேண்டாம் அண்ணை. வெளியில தெரிஞ்சா முதல் பிரிவு இக்காஸ்டுக்குப் பிச்சையாக் கிடைச்சதெண்டு கதை வரும். நாளைக்கு றொனிஷன் தலை நிமிந்து விளையாட வேணும். நீங்கள் எங்களைப் பயந்தவங்கள் எண்டே சொல்லுங்கோ."