குழாயில் ஊற்றிய தண்ணீர்

“பங்க்கை மூடினா உனக்கு என்னட்டி கிடைக்கப்போவுது?” என்று கேத்ரினிடம் போன மாதம் கேட்ட பால்துரை, இன்றும் அந்த ராஜபாளையம் பெட்ரோல் பங்க்கில் முறைத்துக்கொண்டு நின்றார்.

நிலத்தடி நீரில் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று பார்க்க நிலத்துக்குள் ஆழமாக இறக்கியிருந்த குழாயைத் திறந்தார், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த ஆய்வக ஊழியர் ஆல்வின். முதலில் இறைத்த தண்ணீர் பளிங்காக இருந்தது.

“இளநீ கணக்கா இருக்கு. எல்லாம் இவ கெளப்பிவிட்ட புரளி. பாட்டில்ல பிடிச்சிட்டுக் கெளம்புங்க தம்பி.”

“தேங்கின தண்ணிய எறைச்சிட்டுத்தான் பிடிக்கணும் சார்.”

“நல்லா எறைங்கண்ணே,” என்றாள் கேத்ரின். “காலையில யாரோ இதுக்குள்ள குடம் குடமா நல்ல தண்ணி ஊத்தியிருக்காவ. பின்னால இருக்க தெருவே இந்த நிலத்தடித் தண்ணியத்தான் குடிக்குது.”

பால்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இறைக்க இறைக்கத் தண்ணீர் கலங்கியது. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

ஆல்வின் பால்துரையிடம் திரும்பினார். “தொட்டியில எங்க கசியுதுன்னு பாக்குற வரைக்கும் விற்பனைய நிறுத்தணும் ஓனர் சார்.”

கேத்ரின் நேராக அறைக்குள் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள்.

“ஓனர் நான்தாண்ணே. எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போனது இந்தப் பங்க் ஒண்ணுதான். இவிய எங்க சித்தப்பா, இங்க மேனேஜர்.”

சாவிக்கொத்தை அவள் கையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார் பால்துரை.