ஒரே ஒரு மார்க்

2018 அக்டோபர் 23, செவ்வாய்க்கிழமை. டெக்சஸ் மாநிலம், ஹார்லன் வெல்ஸ் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆட்டத்தையே நடத்தும் க்வார்ட்டர்பேக் வேட் க்ரூகர், கணிதத் தேர்வில் நூற்றுக்கு அறுபத்தொன்பது வாங்கினான். தேர்ச்சி மதிப்பெண் எழுபது.

"ஒரே ஒரு மார்க்கு மேடம்! ஊரோட மானமே உங்க கையிலதான் இருக்கு," என்றார் கோச் டாலிவர்.

கணித ஆசிரியை யொலாண்டா இபாரா, கோச் மேசைமேல் வைத்த இனிப்புத் தட்டை ஓரமாக நகர்த்தினார். பள்ளி விட்டு அரைமணி ஆகியிருந்தது. வேட்டின் அப்பா டேல், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மாணவர் நாற்காலியில் உடம்பை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் பிக்கப் வண்டி விற்பவர் அவர். வேட் ஜன்னலோரம் நின்றான்.

"விதி உங்களுக்குத் தெரியாததா கோச்? ஒரு பாடத்துல ஃபெயிலானாலும் மூணு வாரம் ஆட முடியாது."

"அந்த விதியைப் போட்டவன் வாழ்க்கையில ஒரு பந்தைக்கூடப் பிடிச்சிருக்க மாட்டான் மேடம்."

டேல் தொண்டையைச் செருமினார். "வர்ற வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு பல்கலைக்கழகத்துலேர்ந்து ஆள் வர்றாரு. என் பையனைப் பாக்கத்தான் வர்றாரு. பிடிச்சுப்போச்சுன்னா நாலு வருஷம் படிப்பு, சாப்பாடு, தங்குற இடம் எல்லாமே இலவசம்."

"என்ன படிப்பு?"

டேல் கோச்சைப் பார்த்தார். கோச் டேலைப் பார்த்தார்.

"அதெல்லாம் அங்க போனா ஏதாவது குடுப்பாங்க," என்றார் கோச்.

"பையனுக்குப் பெரிய லட்சியம் இருக்கு மேடம்," என்றார் டேல். "முதல்ல கல்லூரி அணி. அப்புறம் தொழில்முறை ஆட்டம். அதுக்கப்புறம் ஏரிக்கரையில எனக்கு ஒரு வீடு."

"இது யாரோட லட்சியம்?"

"அவனோடதுதான். நான்தான் எழுதிக் குடுத்தேன். வீட்டு வாசல்ல பலகை அடிச்சே வெச்சிருக்கோம், வந்து பாருங்க."

இபாரா வேட்டின் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்ற?"

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு மேடம்?"

"பாவம், நொந்துபோயிருக்கான்," என்றார் கோச்.

தலைமையாசிரியர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, இபாராவின் உடல்நலத்தை விசாரித்துவிட்டுப் போனார். அன்று அது மூன்றாவது முறை.

"சும்மா மார்க் போட மாட்டேன்," என்றார் இபாரா. "எழுபதுக்குக் கீழ வாங்கின யாரும் மறுபடி எழுதலாம். கேள்வி புதுசா இருக்கும். வியாழக்கிழமை காலையில வரட்டும். பேண்டுல டிரம் அடிக்கிற பையன்கூட எழுதுறான். அவனும் ஃபெயில்தான். அவனுக்காக யாரும் இனிப்பு கொண்டுவரல."

டேல் நாற்காலியோடு எழுந்தார். கோச் நாற்காலியைப் பிடித்து இழுத்து அவரை விடுவித்தார். "நன்றி மேடம்! இன்னைக்கே ரெண்டு டியூஷன் வாத்தியாரைக் கூட்டிட்டு வர்றேன்," என்றார் டேல்.

வேட் முதல் முறையாகத் தானாக வாய் திறந்தான். "மேடம், புதுத் தாள்லயும் ஒவ்வொரு கேள்விக்கு எதிர்லயும் எவ்வளவு மார்க்குன்னு போட்டிருக்குமா?"

"போட்டிருக்கும்."

"பாத்தீங்களா, எவ்வளவு பொறுப்பாக் கேக்குறான்!" கோச்சுக்குக் கண் கலங்கிவிட்டது.

புதன் மாலை தேவாலயத்தில் வேட்டின் கணக்குக்காகத் தனி ஜெபம் நடந்தது. வியாழன் காலை உணவகத்தில் அவனுக்கு முட்டையும் பன்றி இறைச்சியும் இலவசம். தேர்வறையில் அவன் எல்லோருக்கும் முன்னால் பேனாவை மூடிவிட்டு, ஜன்னல் வழியே காலியான மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவும் கோச்சும் வெளியே காத்திருந்தார்கள்.

இபாரா திருத்தினார். கூட்டினார். மறுபடியும் கூட்டினார். பிறகு கதவைத் திறந்தார்.

"அறுபத்தொன்பது."

டேல் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். "மறுபடியும் ஒரே ஒரு மார்க்கா?"

"பையன்மேல தப்பில்ல டேல்," கோச் அவர் தோளைத் தட்டினார். "எல்லாருக்கும் எல்லாம் வந்துடாது. மண்டையில ஏறணும்ல?"

"எங்க அப்பாவுக்கும் கணக்கு வராது. எனக்கும் வராது." டேல் எழுந்து மகனைக் கட்டிக்கொண்டார். "விடுடா. நீ என்ன பண்ணுவ."

அவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, இபாரா வேட்டை மட்டும் நிறுத்திவைத்தார்.

"நீ தொட்ட கணக்கு ஒண்ணுகூடத் தப்பில்ல. கடைசிக் கணக்கை நீ போட்ட வழியை நானே கல்லூரிக்குப் போனப்புறம்தான் கத்துக்கிட்டேன். நீ தொடாம விட்டதைக் கூட்டினா சரியா முப்பத்தொண்ணு. போன தாள்லயும் முப்பத்தொண்ணு. எதுக்குடா இது?"

வேட் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

"ஆட மாட்டேன்னு சொன்னா அப்பா தாங்க மாட்டாரு மேடம். கணக்கு வரலன்னா தாங்கிக்குவாரு."

வெள்ளிக்கிழமை ஹார்லன் வெல்ஸ் 34–7 என்ற கணக்கில் தோற்றது. அடுத்த ஆகஸ்டில், இபாரா எழுதிக் கொடுத்த பரிந்துரையோடு, கால்பந்து அணியே இல்லாத ஒரு கல்லூரியில் வேட் முழு உதவித்தொகை பெற்றுக் கணிதம் படிக்கச் சேர்ந்தான்.

"கணக்குல கொஞ்சம் வீக்கு," என்று வண்டி வாங்க வருகிறவர்களிடம் டேல் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அதான் நாலு வருஷம் அதையே படிச்சுட்டு வரட்டும்னு அனுப்பிட்டேன்."