மூச்சு விடாத கேப்டன்

விண்கலத்தோடு வெடித்துச் செத்துப்போன கேப்டன், மூன்று வருஷம் கழித்து இன்று தொடரில் உயிரோடு வருகிறார். மாடியில் புதிதாகக் குடிவந்த கல்லூரிப் பட்டாளத்தின் டிவி மக்கர் பண்ணியதால், கீழ்வீட்டுக்காரரின் ஹால் நிரம்பி வழிந்தது.

கேப்டன் வாயைத் திறந்ததும் ஒரே விசில்.

"குரலைக் கேட்டியாடா? கொஞ்சம்கூட மாறலை."

"மாறியிருந்தா நான் பார்க்கவே மாட்டேன்."

கீழ்வீட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி வார்த்தைக்கு முன்னால் கேப்டன் ஒரு மூச்சு இழுப்பாரே, அது எங்கே போயிற்று?

"என்ன அங்கிள், கேப்டன் வந்ததுல உங்களுக்குச் சந்தோஷமே இல்லையா?"

அவர் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு சிரித்து வைத்தார்.

திரையில் கேப்டன் ஒரு கதவைத் தட்டினார். "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேங்க, இதோ வந்துட்டேன்." சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள் அவர் மனைவி.

"ஆன்ட்டி, கூப்பிட்டது கேப்டன்." பட்டாளம் விழுந்து விழுந்து சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை.

"டப்பிங்ல கேப்டனுக்குத் தமிழ்ல பேசினது இவர்தாம்ப்பா. தொண்டையில ஆபரேஷன் ஆனதும் பேச்சு போயிடுச்சு. முன்னாடி பேசினதையெல்லாம் மிஷின்ல போட்டுக் குரலை எடுத்துக்கிட்டாங்களாம்."

பட்டாளம் அவருடைய மஃப்ளரைத் திரும்பிப் பார்த்தது.

கேப்டன் மறுபடி பேசினார். இத்தனை காலம் அந்த உதட்டுக்குக் குரல் கொடுத்தவர், மனைவியைப் பார்த்தபடி அந்தக் குரலுக்கு உதட்டை அசைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. கடைசி வார்த்தைக்கு முன்னால், பழக்கதோஷத்தில் ஒரு மூச்சு இழுத்தார்.

அதற்குள் கேப்டன் பேசி முடித்திருந்தார்.